எதற்கும் இருக்கட்டும்

ஒகுதானி கிராமம், யோஷினோ
1963 ஜூன் 9

நானிவா குடை நிறுவனம், ஒசாகா
கொள்முதல் பிரிவு, ஹிராய்வா மினாயோ அவர்களுக்கு,

மழை எப்படி இருக்கிறது என்று விசாரித்துத்தான் ஜூன் மாதக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். மழையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடமாக உங்கள் பிரிவு எங்கள் பட்டறையிடம் வாரம் நூறு செர்ரி மரக் குடைப்பிடி வாங்கி வந்தது. மார்ச் 23 முதல் அது வாரம் முந்நூறு ஆனது. எட்டு வாரம் அப்படியே வந்தது. மே 18-க்குப் பிறகு ஒரு ஆர்டர் சீட்டுகூட இல்லை. காரணம் கேட்டு இரண்டு அஞ்சலட்டை போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்த பதில் வந்தது. கீழே உங்கள் முத்திரை.

முந்நூறை நம்பி நான் என்ன செய்தேன் என்பது கொள்முதல் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரத்தை வளைக்க இரண்டாவது ஆவிப்பெட்டி கட்டினேன். வடக்கே அணைக்கட்டு வேலையில் இருந்த குராஜியை ஆள் அனுப்பி வரவழைத்தேன். அவனுக்கு மனைவியும் ஒன்றரை வயது மகளும் இங்கே இருக்கிறார்கள். வருடத்தில் பத்து மாதம் அவர்களைப் பார்க்காமல் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தவன், ஏப்ரலில் மூட்டையோடு வந்து சேர்ந்தான். இப்போது என் கொட்டகையில் மெருகு போட்ட பிடி முந்நூறு, வளைத்து உலர்ந்துகொண்டிருப்பது முந்நூறு. நேற்று அவனுக்குக் கொட்டகையைக் கூட்டும் வேலை கொடுத்தேன். முந்தாநாளும் அதே வேலைதான்.

அணைக்கட்டு மேஸ்திரி அவனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகைக்குள் பதில் சொன்னால் இடம் வைத்திருப்பாராம். அதற்குள் நான் அவனிடம் இரு என்றோ போ என்றோ சொல்ல வேண்டும். உங்கள் பிரிவு என்னிடம் ஏதாவது சொன்னால்தான் அது முடியும்.

இப்படிக்கு,
ஹிராய்வா தோகுசோ
பட்டறை உரிமையாளர்


ஒசாகா
ஜூன் 13

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எழுதிய கடிதத்தைக் கொள்முதல் பிரிவு எழுந்து நின்று படித்தது. உறையில் 'அவர்களுக்கு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசை ஹயாசே, "உங்க ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று துக்கக் குரலில் கேட்டார். "இல்லை, அண்ணன் உயிரோடதான் இருக்காரு, என்மேல கோவமா இருக்காரு" என்றேன். அவருக்கு உயிர் வந்தது.

அஞ்சலட்டை விஷயத்தில் தவறு என்னுடையது. அச்சடித்த பதிலில் முத்திரை குத்தி அனுப்பியிருக்கக் கூடாது. கைப்பட எழுத வெட்கமாக இருந்தது. உங்கள் பட்டறையை இந்த நிறுவனத்துக்குச் சொன்னவளே நான்தானே.

காரணம் எனக்குத் தெரிந்த வரை இதுதான். செம்பாவில் இருக்கும் மொத்த வியாபாரி கமேதானி மே மாதம் எங்களிடம் வாங்குவதை நிறுத்தினார். அவரிடம் கேட்கும் பல்பொருள் அங்காடி நிறுத்தியதால் அவர் நிறுத்தினார். எங்கள் கிடங்கில் உங்கள் பிடி போட்ட குடைகள் அறுநூற்று நாற்பது நிற்கின்றன. பிரிவுத் தலைவர், "இந்த வருஷம் குடை சீசனே படுத்துடுச்சும்மா" என்கிறார். நான் என்ன எழுதட்டும்? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மினாயோ


ஒகுதானி
ஜூலை 1

மினாயோ,

வானொலியில் ஒசாகா வானிலை கேட்டேன். ஜூனில் மட்டும் பதினேழு நாள் மழையாம். ஒசாகாக்காரர்கள் நனைந்துகொண்டேவா வேலைக்குப் போகிறார்கள்? இதைப் பட்டறையில் சொன்னபோது நெயி அக்கா உளியைக் கீழே வைத்துவிட்டு, "தோகுசோ, உன் தங்கச்சி ஆபீஸ்ல சன்னல் இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாரேன்" என்றாள். கேட்டுவிட்டேன்.

இத்துடன் நடுவருட மரியாதைப் பரிசு அனுப்பியிருக்கிறேன். வழக்கமாக உன் அண்ணி ஊறுகாயும் சோமன் நூடுல்ஸும் கட்டி அனுப்புவாள். இந்த வருடம் வீட்டில் அபரிமிதமாக இருப்பது எதுவோ அதை அனுப்புவதுதான் முறை என்று நான் முடிவு செய்தேன். பன்னிரண்டு குடைப்பிடி. உன் அண்ணி வெட்கம் தாங்காமல் அறைக்குள் போய்விட்டாள். ஆனால் காகிதத்தை மடித்துக் கட்டியது அவள்தான்.

தோகுசோ


ஒசாகா
ஜூலை 7

அன்புள்ள அண்ணா,

பரிசு வந்தது. அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தேன். ஹயாசே சோமன் நூடுல்ஸ் என்று நம்பிக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

நெயி அக்காவிடம் சொல்லுங்கள்: சன்னல் இருக்கிறது, எதிர்க்கட்டிடத்துச் சுவர்தான் தெரிகிறது. அவர் கேட்டது உறைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் நானே பல்பொருள் அங்காடிக்குப் போனேன். பத்து வருடமாகக் கொள்முதலில் இருக்கிறேன், எங்கள் குடை விற்கும் இடத்தை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தரைத்தளக் குடைப் பகுதியில் குனியெதா சயோ என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். நான் யார் என்று சொல்லிக்கொண்டு, குடை விற்காமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விக்கலையா? யாரு சொன்னா? போன வாரம் மட்டும் செர்ரிப் பிடி நூத்தி எழுவது போயிருக்கு. அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான்."

"அப்ப ஏன் ஆர்டர் நின்னுபோச்சு?"

"கீழ அறையில கிடந்ததை விக்க வேண்டாமா? நானூத்தி எண்பது கிடந்துச்சும்மா. அது தீர்ந்ததும் கமேதானிகிட்ட வாங்கிக்கிட்டுதானே இருக்கேன்!"

நானூற்று எண்பது எப்படிச் சேர்ந்தது என்று கேட்டேன். மார்ச்சில் ஒரு வாரம் ஐந்து நாள் விடாமல் மழை பெய்திருக்கிறது. வழக்கமான நூறுக்குப் பதில் நூற்று முப்பது விற்றது. கடைசியாக வந்த ஒரு முதியவருக்குக் கொடுக்கக் குடை இல்லை.

"அவரு முன்னாடி குனிஞ்சு 'மன்னிச்சுக்குங்க, தீர்ந்துபோச்சு'ன்னு சொன்னேன். அவரு பரவாயில்லம்மான்னு நனைஞ்சுக்கிட்டே போனாரு. எனக்குச் சோறு இறங்கல. அடுத்த வாரத்துலேர்ந்து நூத்தி அறுபது கேட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

"மழை நின்னப்புறம் குறைச்சிருக்கலாமே?"

"ஒரு வாரம் கூடக் கேட்டுட்டு மறு வாரமே வேண்டாம்னா கமேதானி ஐயாவுக்குச் சங்கடமா இருக்காதா? மே வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கினேன்."

அங்கிருந்து நேராகச் செம்பாவுக்கு நடந்தேன். கமேதானி தேநீர் கொடுத்தார். மார்ச்சில் எங்களிடம் கேட்ட இருநூற்று இருபது எப்படி வந்தது என்று கேட்டதும் அவருக்குப் பெருமை பொங்கியது.

"அந்தம்மா நூத்தி அறுபது கேட்டாங்க. நல்ல மனுஷங்க, நமக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு எப்பவும் குறைச்சுத்தான் கேப்பாங்க. நாமளாப் புரிஞ்சுக்கிட்டுக் கூட எடுத்து வைக்கணும். அதுதானேம்மா வியாபார மரியாதை? எதுக்கும் இருக்கட்டும்னு இருநூத்தி இருபது சொன்னேன்."

அலுவலகத்துக்குத் திரும்பி மார்ச் மாதச் சீட்டுகளைத் தேடினேன். கமேதானி கேட்டது இருநூற்று இருபது. உங்களுக்குப் போனது முந்நூறு. நடுவில் எண்பதைக் கூட்டியது யார் என்று பார்த்தேன். வேறு யாராவது இருந்துவிட மாட்டார்களா என்று இரண்டு முறை பார்த்தேன். கையெழுத்து என்னுடையது, முத்திரை என்னுடையது. ஒரு பிடி வளைந்து உலர்ந்து மெருகேறி வர ஒரு மாதம் ஆகும், அண்ணன் மலையில் இருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விற்பனை எங்கேயும் படுக்கவில்லை, அண்ணா. கடையில் முப்பது குடை கூடுதலாக விற்றது, உங்களிடம் வரும்போது இருநூறு ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொருவரும் அவரவர் குவியலைத் தின்று தீர்க்கும் வரை வாயைத் திறக்கவில்லை. குவியல் அதிகம் என்று சொல்வது அடுத்தவரைக் குறை சொல்வது போல் ஆகிவிடுமே. அந்த மௌனம் உங்களிடம் பூஜ்யமாக வந்து சேர்ந்தது.

ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். நான் முந்நூறு கேட்டபோது, நீங்கள் மரக்காரர் இனுயியிடம் எத்தனை பிடிக்கு மரம் கேட்டீர்கள்?

மினாயோ


ஒகுதானி
ஜூலை 12

மினாயோ,

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். அங்காடி அம்மா, கமேதானி, நீ என்று ஒவ்வொருவராக வந்தபோது எல்லோரும் சிரித்தோம். நெயி அக்கா கண்ணீர் வரச் சிரித்தாள். கடைசிக் கேள்வியைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன். அவள் விடவில்லை. "என்ன தோகுசோ, கடைசிப் பக்கத்துல உனக்கு மட்டும் ஏதோ ரகசியமா?" என்று கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

நானூறு.

நாலுக்கு ஒன்று ஆவியில் வெடிக்கும் என்று காரணம் சொல்லலாம். இருபதுக்கு ஒன்றுதான் வெடிக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு நின்ற பிறகும் இரண்டு வாரம் பிடி செய்துகொண்டிருந்தேன். நீ அனுப்ப மறந்திருப்பாய், நினைவு வந்ததும் மொத்தமாகக் கேட்பாய் என்று எண்ணினேன்.

நேற்று இனுயியைப் பார்க்கப் போனேன். கூரை வரை செர்ரிக் கட்டைகள். "நானூறு கேட்ட ஆளு நாளைக்கு ஐநூறு கேப்பாரு, நாம தயாரா இருக்க வேண்டாமா?" என்றார். கோபிக்க எனக்கு வாய் இல்லை. அவருக்கு அடுத்தது மலைதான். மரங்களிடம் யாரும் கூட்டிச் சொல்ல முடியாததால் கணக்கு அங்கே நின்றிருக்கிறது.

சிரித்து முடித்த பிறகு குராஜி மட்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனான். ஓபோனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது, நல்லது. அவனுக்கு என்ன பதில்?

தோகுசோ


ஒசாகா
ஜூலை 21

அன்புள்ள அண்ணா,

உங்கள் 'நானூறு' என்ற ஒற்றைச் சொல்லை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

குராஜிக்குப் பதில் தேடித்தான் ஒரு வாரமாக அலைந்தேன். ஜூலை முதல் வார நிலவரப்படி கமேதானியிடம் ஐம்பது, எங்களிடம் அறுநூற்று நாற்பது, உங்களிடம் அறுநூறு. மழைக்காலம் முடிந்தால் கடையில் வாரம் நூறுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விற்கும்; அந்த வேகத்தில் எல்லாம் அக்டோபர் நடுவில் தீரும். பிடி தயாராக ஒரு மாதம் வேண்டும். அதனால் நீங்கள் செப்டம்பர் நடுவில் மறுபடி தொடங்கினால் சரியாக இருக்கும். இந்தக் கணக்கு தெரியாமல் பட்டறையை மூடியிருந்தால், அக்டோபரில் கடையில் குடை இருந்திருக்காது. குனியெதா அம்மா குனிந்து மன்னிப்புக் கேட்பார், நான் பதறிப்போய் ஐநூறு எழுதுவேன்.

ஆகவே இப்படி ஏற்பாடு. திங்கள்தோறும் குனியெதா அம்மா ஒரே மாதிரி மூன்று அஞ்சலட்டை எழுதுவார். போன வாரம் எத்தனை விற்றது, ஒவ்வொருவரிடமும் எத்தனை இருக்கிறது. ஒன்று கமேதானிக்கு, ஒன்று எனக்கு, ஒன்று நேராக உங்களுக்கு.

கமேதானி இதைக் கேட்டுக் கொதித்துவிட்டார். "கடைக்காரம்மா பட்டறைக்கு நேரா எழுதினா நடுவுல நான் எதுக்கு? பொம்மையா?" என்று விசிறியை மடக்கி மேசையில் தட்டினார். நான் மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் குனியெதா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர், "ஐயா, நான் குறைச்சுக் கேக்குற ஆளு இல்லீங்க. நான் கூட்டித்தான் கேட்டேன்" என்று தலை குனிந்தார். கமேதானி விசிறியை எடுத்து விரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: மூன்று அட்டையும் தன் கடை வழியாகப் போய், தன் முத்திரையோடுதான் தபாலில் சேர வேண்டும். சரி என்றோம். குடைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், மழையில் கெட்டதைத் திருப்பி எடுப்பதும் அவர்தானே. அவர் இல்லாமல் நடக்காது என்பதும் உண்மை.

ஆனால் செப்டம்பர் என்பது ஓபோனுக்கு ஒரு மாதம் தள்ளி. தொடங்கிய பிறகும் வாரம் நூறுதான். அதற்கு நீங்கள், அண்ணி, நெயி அக்கா போதும். குராஜியை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத என்னிடம் இன்னும் காரணம் இல்லை. இல்லாததைக் கூட்டி எழுத மாட்டேன் என்று இந்த மாதம்தான் முடிவெடுத்திருக்கிறேன்.

மினாயோ


ஒகுதானி
ஆகஸ்ட் 2

மினாயோ,

முதல் அட்டை வந்தது. கமேதானியின் முத்திரை அட்டையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில் அந்த அம்மா எண்களை எழுதிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'பிடி பருமனாக இருக்கிறது என்று பெண்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். மெல்லியது கிடைக்குமா? இரண்டு வருடமாக யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.'

இரண்டு வருடம்! எங்களுக்கும் அவருக்கும் நடுவே நீங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வரிகூட மலையேறி வரவில்லை.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அட்டையை நான் சுவரில் மாட்டினேன். குராஜி அதன் முன்னால் துடைப்பத்தோடு நின்றான். பிறகு உலர்கிற குவியலில் இருந்து மெருகு போடாத பிடி ஒன்றை எடுத்து, இழைப்புக் கத்தியால் சீவத் தொடங்கினான். நான் தடுக்கவில்லை. எப்படியும் விலை போகாமல் கிடப்பதுதானே. அரை மணி நேரத்தில் கொண்டுவந்து நெயி அக்காவின் கையில் கொடுத்தான். அவள் பிடித்துப் பார்த்தாள், விரித்த குடையைத் தாங்குவது போல் உயர்த்திப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா ஆம்பளைக் கைக்கே செஞ்சுக்கிட்டிருந்திருக்கோம், தோகுசோ. இது என் கையில நிக்குது" என்றாள்.

உன் அண்ணியும் பிடித்துப் பார்த்துவிட்டு, வளைவின் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் சீவச் சொன்னாள். பத்து பிடி தயார். மெல்லியதாயிற்றே, தபாலில் போட்டால் உடையும் என்று குராஜியிடமே கொடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமை உன் அலுவலகத்துக்கு வருவான். அதிகம் பேச மாட்டான். சாப்பாடு வாங்கிக் கொடு.

அவன் மேஸ்திரிக்கு இன்னும் எழுதவில்லை. பத்தாம் தேதிக்குள் எழுதினால்தான் போய்ச் சேரும்.

தோகுசோ


ஒசாகா
ஆகஸ்ட் 8 (அவசரத் தபால்)

அன்புள்ள அண்ணா,

குராஜி அதிகம் பேச மாட்டான் என்று எழுதியிருந்தீர்கள். ஒகோனோமியாகி அடை சுடும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மெல்லிய பிடியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினான். ஹயாசே தன் பங்கு தீய்ந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று மாலையே பத்து பிடியையும் பத்து குடையில் பொருத்தினோம். செவ்வாய்க்கிழமை குனியெதா அம்மா கடையில் வைத்தார். கொளுத்தும் வெயில், மேகமே இல்லை. புதன்கிழமை மதியத்துக்குள் பத்தும் போய்விட்டன. பதினொன்றாவதாக வந்த பெண்ணிடம் இல்லை என்று சொல்ல வேண்டி வந்ததாம். "எத்தனை கேக்கட்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். "விக்கும்னு நீங்க நிசமா நம்புறது எத்தனை?" என்றேன். விரல்விட்டு எண்ணி, வாரம் நாற்பது என்றார்.

கமேதானிக்கு நாற்பது போனது. அவரிடமிருந்து எனக்கு நாற்பதே வந்தது. சீட்டின் ஓரத்தில் 'கூட்டவில்லை' என்று எழுதித் தனியாக ஒரு முத்திரை குத்தியிருந்தார். நானும் நாற்பது எழுதினேன். பேனா நாலுக்குப் பிறகு ஒரு நொடி தயங்கியது. பிடித்து நிறுத்திவிட்டேன். சீட்டு இத்துடன்.

உலரும் முந்நூறையும் குராஜி மெல்லியதாகச் சீவலாம். ஏழு வாரத்துக்கு வரும். அந்த முந்நூறு பருமன் கணக்கிலிருந்து போய்விடுவதால், நூறு பிடி வேலையை நீங்கள் செப்டம்பர் வரை தள்ள வேண்டாம். ஓபோன் முடிந்ததும் தொடங்கலாம்.

இதை முதலில் குராஜியிடம் காட்டுங்கள், பிறகு அண்ணியிடம்.

உங்கள் பன்னிரண்டு பிடிப் பரிசுக்குப் பதில் மரியாதையாக ஒரு முழுக் குடை அனுப்புகிறேன். அண்ணி இன்னும் பழைய மெழுகுத்துணிக் குடையைத்தான் பிடிக்கிறார் என்று குராஜி போட்டுக்கொடுத்துவிட்டான்.

மினாயோ


ஒகுதானி
செப்டம்பர் 26

அன்புள்ள மினாயோ,

நலம். மழை எப்படி இருக்கிறது? இங்கே நாலு நாளாகக் கொட்டுகிறது. புயல் உங்கள் பக்கம் திரும்பியதாக வானொலி சொன்னது. வீட்டுக் கூரை பத்திரம்தானே?

நீண்ட நாளாக எழுதவில்லை. வேலை. குராஜி மேஸ்திரிக்கு ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை பதில் போட்டான். என்னிடம் காட்டினான். 'ஊரிலேயே இருக்கிறேன்' என்று ஒரு வரி, கீழே பெயர். தபால்காரர் வரும் வரை காத்திருக்காமல் நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

இந்த வார அட்டை இன்று மதியம் வந்தது. பருமன் நூற்று எண்பத்தொன்று விற்றிருக்கிறது, மெல்லியது அறுபத்து மூன்று. போன வாரமே அங்கே மழை பிடித்துக்கொண்டது அல்லவா. நான் சத்தமாகப் படித்துவிட்டுச் சுவரில் மாட்டினேன். நெயி அக்கா இரண்டாவது ஆவிப்பெட்டியைப் பார்த்தாள். உன் அண்ணியும் அதைத்தான் பார்த்தாள். நான் எழுந்து போய் அதன் அடுப்பில் விறகே அடுக்கிவிட்டேன். தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது குராஜி சுவரிலிருந்து அட்டையை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினான்.

"முதலாளி, கீழ் வரியையும் படிங்க. கமேதானி ஐயாகிட்ட தொண்ணூறு, கம்பெனில இருநூத்தி இருபது. நம்ம கொட்டகையில காயுறது நானூறு. இந்த வாரமும் நூறு போதும். மெல்லிசுல மட்டும் நாப்பதுக்குப் பதிலா நாப்பத்தஞ்சு சீவுறேன்."

இரண்டாவது பெட்டியை மூட்டினால் கூலி அவனுக்குத்தான் கூடும். அவனே வேண்டாம் என்கிறான்.

விறகை வெளியே எடுத்தேன். எல்லாம் நூறில் முடிந்தது. ஐந்து மணிக்கு, மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போதே, அவன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். செய்ய வேறு வேலை இல்லாததால் நானும் வீட்டுக்கு வந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன்
தோகுசோ